எந்தக் கலெக்டருக்காக ஜெபிப்பது?

எங்கள் ஊர் பாகாலாவுக்குப் பக்கம். சித்தூர் ஜில்லாவைப் பிரித்தபோது நாங்கள் திருப்பதி ஜில்லாவுக்குப் போனோம். ஜில்லா சிறியதானால் வேலை சீக்கிரம் நடக்கும் என்று டீக்கடையில் சத்தமாக வாதாடியவன் நான்.

எங்கள் சர்ச்சில் ஞாயிறுதோறும் கலெக்டருக்காக ஜெபிப்பது பழைய வழக்கம். ஜில்லா பிரிந்து வெகுநாள் ஆகியும் போதகர் பழக்க தோஷத்தில் "சித்தூர் கலெக்டருக்காக" என்றே ஜெபித்தார். நாங்களும் ஆமென் சொன்னோம். அதற்குள் சித்தூர் பக்கம் ஜில்லா எல்லை வரைக்கும் புது ரோடு போட்டுவிட்டார்கள். எங்கள் பக்கம் அதே குழிகள்.

"ஜெபம் அந்த ஜில்லாவுக்குப் போய்க்கினு இருந்தா ரோடு எப்டி இங்க வரும்?" என்று போதகரிடமே கேட்டாள் என் மனைவி.

போதகர் உடனே "திருப்பதி கலெக்டருக்காக" என்று திருத்திக்கொண்டார். நானும் சும்மா இருக்காமல் திருப்பதியில் புது கலெக்டர் ஆபீசுக்குப் போய் ரோடு பற்றிக் கேட்டேன். சித்தூரைவிடக் கொஞ்சம் கூடுதல் தூரம்தான், ஆனால் கூட்டம் குறைவு. மரியாதையாக உட்காரச் சொன்னார்கள்.

"உங்க ரோட்டு பைலு இன்னும் சித்தூர்லேர்ந்து வரல சார்" என்றார் அங்கிருந்தவர்.

அடுத்த ஞாயிறு முதல் போதகர் இரண்டு கலெக்டர்களுக்காகவும் ஜெபிக்கிறார். ஜில்லாவைச் சுருக்கியதில் எங்களுக்கு நீண்டது ஜெபம் ஒன்றுதான்.