கதவுக் கம்பியும் பித்தளை முருகனும்

இன்று காலை புக்கிட் காத்திலில் இருக்கும் என் பட்டறைக்கு ரெம்பியாவிலிருந்து ஒரு தம்பி கார் கொண்டுவந்தார். அடுத்த வாரம் ரேஸில் ஓட்டப் போகிறாராம். எடையை இன்னும் குறைத்துத் தர வேண்டுமாம்.

பின் சீட், பெல்ட் எல்லாவற்றையும் ஏற்கெனவே கழற்றிவிட்டார். கதவைத் தட்டினேன், பிஸ்கட் டின் மாதிரி சத்தம் வந்தது. பக்கவாட்டில் இடித்தால் தாங்குகிற, கதவுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியையும் யாரோ அறுத்து எடுத்திருந்தார்கள். அது காருக்குள் பின்பக்கம் கிடந்தது.

"ரேஸ் காருன்னா ஆள் உட்கார்ற கூட்டைத்தான் தம்பி மொதல்ல பலமா கட்டணும். அப்புறந்தான் மத்த எடத்துல எடைய கொறைக்கணும். கம்பிய இப்பவே வெல்டிங் பண்ணித் தரேன்."

"வேணாம்லா அண்ணே, வெயிட் ஏறிடும்."

முன் சீட்டில் சின்னப் பிள்ளையின் தண்ணீர் போத்தல் ஒன்று இருந்தது.

"இது யாருது?"

"மகளோடது. ஸ்கூலுக்கு இதுலதான் ஏத்திட்டுப் போவேன்."

டேஷ்போர்டில் பித்தளை முருகன் நின்றிருந்தார். எடுத்துத் தராசில் வைத்தேன். பிறகு கம்பியை வைத்தேன். ஏறக்குறைய ஒரே எடை.

"அப்ப இவர எடுத்துரலாமா?"

தம்பிக்கு முகம் மாறிவிட்டது. "என்னண்ணே பேசுறீங்க? அவருதானே பாதுகாப்பு."

முருகனைத் துடைத்து, பழைய இடத்திலேயே ஒட்டிவைத்துவிட்டுப் புறப்பட்டுவிட்டார். கம்பியை எடுத்துப் போகவில்லை.

ரெம்பியா பக்கம் அவரைத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், கம்பி என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அந்தக் காரில் முருகனுக்கும் பெல்ட் கிடையாது.