மூட நாளாகும் மடை

“காய்ச்சல் போச்சு, கிருமியும் போச்சுன்றீங்க. வலி மட்டும் ஏன் டீச்சர் கூடவே குடியிருக்குது?” உப்பளத்தில் வேலை செய்யும் அஞ்சலை, இந்த 2006 ஆடியில் செலின் டீச்சரிடம் கேட்டது இது. சென்ற ஞாயிறு, பூசை முடிந்து வந்த ஒருவர் என் வாசலில் சைக்கிளை நிறுத்தி, “டீச்சர் தூக்கத்துலயே போயிட்டாங்க சார்” என்றபோது, ஏனோ அஞ்சலையின் குரல்தான் எனக்குக் கேட்டது.

எங்கள் பள்ளியில் அவர் விலங்கியல், நான் கணக்கு. ஓய்வுக்குப் பிறகும் நோய் எதிர்ப்பு பற்றிய புதிய கட்டுரைகளைத் தேடித் தேடிப் படிப்பார். இனி எதற்கு என்றால், “பரீட்சை இல்லாம படிக்கறதுதான் சார் ருசி” என்பார்.

சிக்குன்குனியா பரவிய அந்த மாதங்களில் ஊரே கனவில் நடப்பதுபோல் நடந்தது. உப்பின் வெண்மையில் வெயில் நடுங்கும். தூரத்தில் குனிந்து வருகிறவர்கள் தரையில் கால் படாமல் மிதப்பதாகத் தோன்றும். அருகே வந்தால்தான், ஒவ்வோர் அடிக்கும் முகம் சுருங்குவது தெரியும்.

உப்பளத்தில் பெண்கள் ஜோடியாகவே சுமப்பார்கள். ஒருத்தி தலையில் கூடையை ஏற்றிவிட இன்னொருத்தி வேண்டும். ஜோடி கலைந்தால் வேலை இல்லை. அஞ்சலையின் ஜோடியான கன்னியம்மா வேறு ஆள் தேடத் தொடங்கியிருந்தாள். அஞ்சலை அந்தக் கேள்வியைக் கேட்ட அன்று டீச்சரோடு நானும் உப்பளத்தில் இருந்தேன்; டீச்சருக்கு முன் கன்னியம்மா முந்திக்கொண்டாள்.

“எனக்குந்தான் காய்ச்சல் வந்துச்சு. நான் எழுந்திரிக்கல? இவ நல்லா நடிக்கிறா டீச்சர். சினிமாவுல சேத்து வுடுங்க.”

டீச்சர் வரப்பில் உட்கார்ந்து, அஞ்சலையின் வீங்கிய மணிக்கட்டைத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“கன்னியம்மா, இந்தப் பாத்திக்குத் தண்ணி எப்படி வருது?”

“மடையத் தொறந்தா வருது.”

“ஒடம்புல ஒவ்வொரு செல்லுலயும் அதுமாதிரி ஆயிரக்கணக்குல ஜீன் இருக்குது. எல்லாமே எப்பவும் தொறந்திருக்காது. வைரஸ் வந்துட்டா, ரத்தத்துல காவல் காக்குற செல்லுங்க சண்டைக்கு வேண்டியதத் தொறக்கும், வேற சிலத மூடும். ஜீன் மாறல. எது தொறந்திருக்கு, எது மூடியிருக்குன்றதுதான் மாறுது. காய்ச்சல் வுட்டதும் பலபேருக்குப் பழையபடி ஆயிடும். சிலபேருக்குச் சண்டை மடை மூட நாளாவுது. இந்த வீக்கம் அதனால இருக்கலாம்.”

“ஏன், உள்ள இருக்கிற மேஸ்திரி தூங்கிட்டானா?”

“தூங்கல. எதிரி திரும்பி வந்துடுவான்னு பயந்து கெடக்கறான். உனக்குச் சீக்கிரம் மூடிச்சு, இவளுக்கு மூடல. ஏன்னு எனக்கும் முழுசா தெரியாது.”

கன்னியம்மா பாத்தியில் தேங்கிய தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கூடையை எடுத்தாள். “ஏய் அஞ்சல, நீ பாதிக் கூடை தூக்கு. மீதிய என் தலையில போடு. மேஸ்திரி கேட்டா நான் பேசிக்கறேன்.”

சீசன் முடியும்வரை அவள் கூடை விளிம்புக்கு மேல் குவிந்தே போயிற்று. வெள்ளைக் குன்று ஒன்று தானாக நகர்வதுபோல் இருக்கும். அதைப் பார்க்கவே டீச்சரும் நானும் மாலைகளில் அந்தப் பக்கம் நடந்தோம்.

“எனக்கும் தெரியாது” என்று சொல்லும்போதும் டீச்சர் அஞ்சலையின் கையை விடவில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அது.

உங்கள் வீட்டில் காய்ச்சலிலிருந்து எழுந்தவர் வலிக்கிறது என்றால், நாக்கு நுனிக்கு வரும் “இன்னுமா?” என்ற கேள்வியை ஒருமுறை விழுங்கிப் பாருங்கள்.