ஃபிட்டருக்கு ஒரு ஜெபம்

எங்கள் வீட்டு டிவிக்குள் விண்வெளிக் கப்பல் வந்ததற்கு நான்தான் காரணம். தமிழ் சீரியல் எதைப் போட்டாலும் கொஞ்ச நேரத்தில் ஓர் ஆஸ்பத்திரி வராண்டா வந்துவிடும். வெள்ளைக் கோட்டு போட்டவர் வெளியே வந்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார். அம்மா உடனே எழுந்து சமையலறைக்குப் போய், கழுவி வைத்த பாத்திரங்களையே மறுபடி கழுவ ஆரம்பிப்பாள். கன்னட சேனலுக்கு மாற்றினால் அங்கேயும் அதே வராண்டாதான். எனக்கு எரிச்சலாக வந்தது. ஆஸ்பத்திரியும் சாவும் இல்லாத கதை ஒன்றுகூடவா இந்த உலகத்தில் இல்லை என்று தேடியபோது, தமிழில் டப்பிங் செய்த அந்தத் தொடர் அகப்பட்டது.

கிரகம் விட்டுக் கிரகம் தண்ணீர் ஏற்றிப் போகும் ஒரு பழைய கப்பல். அதில் ஒரு பெண் கேப்டன், எப்போதும் முகத்தில் கிரீஸோடு திரியும் ஒரு வயதான மெக்கானிக், இன்னும் நாலைந்து பேர். வாராவாரம் கப்பலில் ஏதாவது ஒன்று கெட்டுப்போகும். மெக்கானிக் எப்படியோ ஒட்டவைத்து விடுவார். கடைசியில் எல்லோரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே சாப்பிடுவார்கள். "வானத்துல ஓடுற வாட்டர் டேங்கர்மா" என்று சொன்னதுமே அம்மாவுக்குக் கதை பிடிபட்டுவிட்டது. பெங்களூரில் குடியிருப்பவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அந்த மெக்கானிக்குக்கு அம்மா 'ஃபிட்டர்' என்று பெயர் வைத்தாள். அப்பா ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோலார் தங்கவயலில் பிறந்து, சுரங்கம் மூடப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதுமே இங்கே வந்து ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தவர். எந்த மெஷினையும் கழற்றுவதற்கு முன்னால் அதன்மேல் இரண்டு தட்டு தட்டி, காதை வைத்துக் கேட்பார். கப்பல் ஃபிட்டரும் ஒருநாள் அதையே செய்தார். அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். அப்பா இறந்த பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

'அப்பா இறந்த பிறகு' என்று இங்கே எழுதிவிட்டேன். அம்மாவின் எதிரில் அப்படிச் சொல்ல முடியாது.

கொரோனாவின் இரண்டாவது அலையில் அப்பாவை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அம்மாவுக்கும் காய்ச்சல், வீட்டிலேயே தனி அறையில் கிடந்தாள். கல்லறைக்கு நான் ஒருத்திதான் போனேன். முழு உடலையும் மூடிய உடுப்பில் சில தொண்டர்கள் ஜிப் போட்ட ஒரு பையை இறக்கினார்கள். கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். வீட்டுக்கு வந்து கதவுக்கு வெளியே நின்றபடி அம்மாவிடம் சொன்னேன். உள்ளேயிருந்து ஒரே ஒரு கேள்வி வந்தது.

"மூஞ்சப் பாத்தியா?"

"இல்லம்மா. காட்டமாட்டேன்னுட்டாங்க."

"அப்புறம் எப்படி அவருதான்னு சொல்ற?"

 அப்போது ஊரெல்லாம் பிணம் மாறிப்போன கதையாகத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தவள் விடவில்லை.

எங்கள் வீட்டில் தினமும் மாலை ஏழு மணிக்கு ஜெபமாலை. ஐம்பத்து மூன்று மணியும் உருட்டி முடித்தபின், நோயாளிகளுக்காக ஒரு ஜெபம், மரித்தவர்களின் ஆத்துமாக்களுக்காக ஒரு ஜெபம் சொல்வது வழக்கம். யார் யாருக்காக என்று அம்மாதான் சொல்வாள். ஆம்புலன்ஸ் வந்த நாளில் அப்பா நோயாளிகளோடு சேர்ந்தார். அதற்கப்புறமும் அங்கேயே இருந்தார். சித்தியின் முழங்கால், கீழ்வீட்டுக்காரரின் சர்க்கரை, அப்பா. வருஷங்கள் போயின, சித்தியின் முழங்காலுக்கு ஆபரேஷனே ஆகிவிட்டது. அப்பா மட்டும் குணமாகவும் இல்லை, இறக்கவும் இல்லை.

நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு ஊரே பூவும் மெழுகுவத்தியும் வாங்கிக்கொண்டு கிளம்பும். அம்மா வரமாட்டாள். அப்பாவைப் புதைத்த மேட்டில் ஒரு மரச் சிலுவை மட்டும் சாய்ந்து நிற்கும். அம்மா சம்மதிக்காததால் கல் கட்டவில்லை. கோயிலில் நினைவுத் திருப்பலிக்கும் பணம் கொடுக்கவில்லை. "உயிரோட இருக்கிற ஆளுக்கு எவளாவது அந்தப் பூசை வைப்பாளா?" என்பாள். பங்குச்சாமியார் வந்து பேசிப்பார்த்தார். அவருக்குக் காபி மட்டும்தான் கிடைத்தது. சித்தி தங்கவயலிலிருந்து போன் செய்து அழுதாள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். ஒருமுறை ஜெபத்தின் நடுவிலேயே, "செத்துட்டாரும்மா, செத்துட்டாரு!" என்று கத்திவிட்டேன். அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. அதோடு என் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் மனசுக்குள் தினமும் ஏழு மணிக்கு அதே கத்தல்தான். ஒருநாள், ஒரே ஒருநாள், இவள் அவரை மரித்தவர்களின் பக்கம் சேர்க்கமாட்டாளா என்று காத்துக்கொண்டிருந்தேன்.

இந்த லட்சணத்தில்தான் தொடரின் மூன்றாவது சீசன் வந்தது. தொம்மலூரில் என் ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரர் அந்தத் தொடருக்குப் பரம ரசிகர். கன்னடக்காரர், ஆனால் என்னோடு தமிழில்தான் பேசுவார். "மேடம், சீசன் த்ரீ ஃபுல் டார்க் ஆயிடுச்சு. சக்கத்தா இருக்கு, சூப்பர்! இனி யாரு வேணும்னாலும் சாவாங்க" என்றார். தின்பண்டம் வந்திருக்கிறது என்று சொல்கிற மாதிரி அவ்வளவு சந்தோஷம்.  இந்த எழுதுகிறவர்களுக்கு என்னதான் வியாதி? நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற கப்பலில் நாலு பேரைக் கொன்றால்தான் பெரிய கலைஞர்கள் என்று யார் இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது? அன்று மாலை அம்மாவிடம் நெட் வேலை செய்யவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவள் போனை எடுத்து, வாட்ஸாப்பில் சித்திக்கு ஒரு பூப்படம் அனுப்பிவிட்டு என்னைப் பார்த்தாள்.

போட்டேன். முதலில் வெளிச்சம்தான் குறைந்திருந்தது. கப்பல் முழுக்க ஒரே கும்மிருட்டு, யார் முகமும் சரியாகத் தெரியவில்லை. அம்மா கண்ணாடியைப் புடவைத் தலைப்பில் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். "இன்னாடி, இவங்களுக்கும் கரண்ட் கட்டா?" என்றாள். யாரும் சிரிக்கவில்லை, யாரும் ஒன்றாகச் சாப்பிடவில்லை. அந்தப் பகுதியின் முடிவில் ஃபிட்டர் ஏதோ ஒரு ரிப்பேருக்காகக் கப்பலுக்கு வெளியே போனார். கட்டியிருந்த கயிறு அறுந்தது. ரேடியோவில் அவர் குரல் கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு இரைச்சல் மட்டும். நான் ரிமோட்டுக்குக் கை நீட்டினேன். அது அம்மாவின் மடியில் இருந்தது. அவள் தரவில்லை.

அடுத்த வாரங்களில் கேப்டன் கப்பலை அங்கிருந்து நகர்த்த மறுத்தாள். காலையிலும் மாலையிலும் ரேடியோவில் அவரைக் கூப்பிட்டாள். அவர் படுக்கை விளக்கை அணைக்க விடவில்லை. மற்றவர்களும் அவளுக்குப் பயந்து, அவர் உயிரோடு இருப்பது போலவே பேசினார்கள்.  அம்மாவோ கேப்டன் பக்கம்தான். "கரெக்டுதானே. உடம்பு கெடச்சுதா? கெடைக்கல இல்ல? அப்புறம் இன்னா?" என்றாள். என்னைத் திரும்பிப் பார்த்தே சொன்னாள். போச்சு, இனி ஜென்மத்துக்கும் இவளை மாற்ற முடியாது என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு வந்த ஒரு வெள்ளிக்கிழமை, கப்பலில் காற்று குறைய ஆரம்பித்தது. சமையல்காரப் பெண் கேப்டனிடம் கெஞ்சினாள்: கிளம்பலாம், எங்களையாவது பாருங்கள் என்று. கேப்டன் காதில் வாங்கவில்லை. ரேடியோவை எடுத்து மறுபடி கூப்பிட ஆரம்பித்தாள். அம்மா நாற்காலியில் அசைந்து அசைந்து உட்கார்ந்தாள். திடீரென்று டிவியைப் பார்த்துச் சத்தம் போட்டாள்.

"ஏ பொம்பள, போதும் வுடு! இருக்கிறவங்க மூச்சு முட்டி நிக்கறாங்க, ஒனக்குக் கண்ணு தெரியலையா? அவன் போயிட்டான். போனவனுக்கு ஒரு ஜெபம் சொல்லி அனுப்புவியா, சும்மா கூப்பிட்டுக் கூப்பிட்டு அந்தரத்துல நிக்க வெச்சிருக்கியே, பாவி!"

சொல்லி முடித்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.  என்னைப் பார்ப்பாள் என்று நினைத்தேன், பார்க்கவில்லை. டிவியில் கதை போய்க்கொண்டிருந்தது. இரண்டு பேருமே பார்த்தோம் என்று சொல்ல முடியாது. கொஞ்ச நேரம் கழித்து, "தோசை ஊத்தட்டுமா?" என்று கேட்டு எழுந்து போனாள். நான் போய்ப் பார்த்தபோது தோசைக்கல் சூடேறிப் புகைந்துகொண்டிருந்தது. அவள் கரண்டியில் மாவை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். அடுப்பைக் குறைத்துவிட்டு வந்தேன். எதுவும் கேட்கவில்லை. கேட்டால் மறுபடி கதவைச் சாத்திக்கொள்வாள் என்று பயமாக இருந்தது.

மறுநாள் ஏழு மணிக்கு வழக்கம்போல முட்டி போட்டோம். ஐம்பத்து மூன்று மணியும் முடிந்தது. நோயாளிகளுக்காக என்று ஆரம்பித்தாள். சித்தியின் முழங்கால், கீழ்வீட்டுக்காரரின் சர்க்கரை. அடுத்து அப்பாவின் பெயர் வரவேண்டும். வரவில்லை. அம்மா ஜெபத்தைச் சொல்லத் தொடங்கிவிட்டாள். நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். அவள் கண் மூடித்தான் இருந்தது.

பிறகு மரித்தவர்களின் ஆத்துமாக்களுக்காக. தாத்தா, பாட்டி, பெரியம்மா என்று வரிசையாகச் சொல்லி வந்தவள், "அந்தக் கப்பல்ல போன ஃபிட்டருக்காகவும்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அம்மா, அவர் ஒரு நடிகர், வேறு ஏதோ நாட்டில் பங்களாவில் சௌக்கியமாக இருப்பார் என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் அவள் இன்னும் முடிக்கவில்லை. 

"எங்க வூட்டுக்காரருக்காகவும்."

அவ்வளவுதான். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. 'அருள் நிறைந்த மரியே' மந்திரத்தின் முன்பாதியைச் சொல்லிவிட்டு நிறுத்தினாள். பின்பாதி என்னுடையது. பேசக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து, தூக்கத்தில் தட்டிக் கேட்டாலும் சொல்வேன். எனக்கு வாய் வரவில்லை. இத்தனை வருஷமும் இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவளோடு மல்லுக்கு நின்றேன். அது காதில் விழுந்ததும்தான் அப்பா இனி வரவே மாட்டார் என்பது எனக்கு உறைத்தது. அவள் நாள் தவறாமல் அவர் குணமாக வேண்டிக்கொண்டிருந்த வரைக்கும், எனக்கும் எங்கோ ஓரத்தில் ஒரு நம்பிக்கை இருந்திருக்கிறது. தரையில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதேன், கல்லறையில் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றபோது வராத அழுகை.

அம்மா என் பதிலுக்காகக் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஒரு கையை என் முதுகின்மேல் வைத்து, என் பாதியையும் அவளே சொல்லி முடித்தாள்.