'ஆம்' என்னும் இடைச்சொல்

பிறர் பிழையைச் சிவப்பு மையால் சுழித்தே வாழ்நாளைக் கழிப்பது ஆசிரியத் தொழில். தன் பிழையைச் சுழிக்க அதில் மை ஒதுக்கப்படுவதில்லை. நெய்வேலி நகரியப் பள்ளியொன்றில் தமிழ் கற்பித்த நான், என்னைப் போலவே பக்கத்து வகுப்பின் சிரிப்பொலியைக் கேட்டு வெந்த ஆசிரியப் பெருமக்களுக்காக இதை எழுதுகிறேன்.

பக்கத்து வகுப்பு

எண்பத்திரண்டாம் ஆண்டு, கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் திங்கட்கிழமை. சுரங்கப் பக்கமிருந்து வீசிய அனற்காற்றில் கரும்பலகையும் சுட்டது. நான் ஒற்று மிகும் இடங்களை விளக்க, முன்வரிசை உறங்கிற்று. பக்கத்து அறையில் வரலாற்று ஆசிரியர் தாமோதரன் பேச்சுரிமைப் பாடம் நடத்த, சிரிப்பில் கூரை அதிர்ந்தது. காரணம் கேட்டேன். என் மாணவி ஒருத்தி அஞ்சாமல் சொன்னாள்: "அய்யா, அவர் வகுப்புல பேசினா உரிமை, உங்க வகுப்புல தும்மினாலும் பிழை."

ஈரெழுத்துக் கவசம்

காலாண்டுத் தேர்வு முடிந்தது. என் பத்தாம் வகுப்புப் பொறுப்பு அவர் கைக்குப் போகுமென்று பேச்சு எழுந்தது. ஆசிரியர் அறையில், "தாமோதரன் வினாக்களை முன்கூட்டியே சொல்லிவிடுகிறாராம்" என்றேன். நானே கட்டிய பொய் அது. 'சொல்லிவிடுகிறார்' என்றால் குற்றச்சாட்டு. 'ஆம்' சேர்த்தால் வெறும் கேள்விப்பட்ட செய்தி. இலக்கணம் என்னைக் காக்குமென நம்பினேன். இரண்டே நாளில் அது மந்தாரக்குப்பம் தேநீர்க்கடையை எட்டியது. வழியில் 'ஆம்' உதிர்ந்துவிட்டிருந்தது. கடைக்கார அம்மாள் என்னிடமே சொன்னார்: "அந்த வாத்தியாரு கொஸ்டின் பேப்பரை வித்துகினு இருக்காருங்க, ஊருக்கே தெரியும்!"

எழுவாய்

விசாரணை வந்தது, தாமோதரனின் வேலை ஊசலாடிற்று. பேச்சின் வேரைத் தேடிய தலைமையாசிரியர் என் நாற்காலியருகே வந்து நின்றார். "எனக்கும் பேச்சுரிமை உண்டே!" என்றேன். அவருடன் வந்திருந்த தாமோதரன் குரலை உயர்த்தவில்லை. "நெசம்னு நம்பித் தப்பா சொன்னா மன்னிக்கலாம் சார். பொய்னு தெரிஞ்சே ஒருத்தர் பேரைக் கெடுத்தா சட்டம் காப்பாத்தாது. 'ராம்'னு முடிச்சாலும் அதே கேஸ்தான்" என்றார். வழக்கு வேண்டாம், உண்மையை எழுதிக் கொடுத்தால் போதும் என்றும் சொன்னார்.

'தவறான செய்தி பரப்பப்பட்டுவிட்டது' என்று எழுதினேன். ஓர் ஒற்றுப்பிழையும் இல்லை. அவர் என் சிவப்புப் பேனாவையே வாங்கிச் சுழித்தார்: "செயப்பாட்டு வினை எனக்கும் தெரியும் சார், பரப்பினது யாரு?"

'நான் பரப்பினேன்' என்று திருத்தினேன். அத்தாள் ஒரு வாரம் அறிவிப்புப் பலகையில் இருந்தது. விசாரணை கைவிடப்பட்டது. பத்தாம் வகுப்பு அவருக்குப் போயிற்று. நான் ஓய்வுபெறும்வரை எட்டாம் வகுப்பில் இருந்தேன். சுவருக்கு அப்பால் சிரிப்பு குறையவேயில்லை.

பொறாமை எழுதும் வாக்கியத்தில் மட்டும் எழுவாய் எப்போதும் தோன்றா எழுவாயே.