சொல்வதெழுதுதலை எப்போது நிறுத்துவது

எழுதத் தெரிந்தவர்கள் உட்காரவேண்டிய இடத்தில் நான் வந்து உட்கார்ந்ததற்கு முதலில் மன்னிக்க வேண்டும். என் படிப்பு பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுபோனது. நாலு பேர் கூடியிருந்தால் வாயைத் திறக்கவே யோசிப்பேன். ஆனாலும், பிள்ளையை வீட்டில் வைத்துப் படிக்கவைக்கிறவர்கள் யாராவது இதைப் படிக்கக்கூடும், அவர்களுக்கும் இதே அலுப்பு இருக்கக்கூடும் என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் வில்லாபுரத்தில் ஒரு மாடி வீட்டில் இருக்கிறோம். கணவருக்குக் கப்பலூரில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் ஷிப்டு வேலை. ஒரே மகள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிளைப்பு உண்டு. ஆறாம் வகுப்பில் பாதி நாள் பள்ளிக்கூடம், பாதி நாள் ஆஸ்பத்திரி என்று ஆனபோது, வீட்டிலேயே படிக்கட்டும், எட்டாம் வகுப்புப் பரீட்சையைத் தனித்தேர்வாக எழுதிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம். முடிவு செய்தோம் என்று எழுதுகிறேனே தவிர, எங்களுக்கு வேறு வழி தெரியவில்லை.

கணக்கையும் அறிவியலையும் போனில் வீடியோ பார்த்து அவளே படித்துக்கொண்டாள். எனக்குப் புரியாததை அவள்தான் எனக்குச் சொல்லித் தந்தாள். தமிழில் சொல்வதெழுதுதல் மட்டும் என் பொறுப்பு. காலையில் தண்ணீர் பிடித்து, அவருக்குச் சாப்பாடு கட்டி அனுப்பிய பிறகு, பாடப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு நாற்காலியில் உட்காருவேன். அவள் கீழே பாயில். எங்கள் பேச்சில் ழகரமும் ளகரமும் ஒன்றுதான். அதனால் வகுப்பு நேரத்தில் மட்டும் நாக்கை மடித்து, செய்தி வாசிக்கிறவர் போலப் பேசுவேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பாள். தப்பாக எழுதிய வார்த்தையைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, பத்து முறை எழுதச் சொல்வேன். நான் படித்த பள்ளிக்கூடத்தில் அப்படித்தான். கைக்குப் பழகிவிடும் என்பார்கள்.

ஆரம்பத்தில் அது ஒரு விளையாட்டு மாதிரிதான் இருந்தது. கணவரின் அக்கா அவனியாபுரத்தில் இருக்கிறார். பிள்ளையை வீட்டில் வைத்திருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. ஒரு பொங்கலுக்கு எல்லோரும் அங்கே கூடியிருந்தபோது, என் மகள் போனில் அனுப்பியிருந்த வாழ்த்தை அவர் சத்தமாக வாசித்தார்.

“ஏத்தா, ஒம் மக எழுதுனத வாசிச்சா பல்லு சுளுக்குது. வீட்டுப் பள்ளிக்கூடத்துல டீச்சரம்மா லீவா?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். மகள் மட்டும் போனைக் கீழே வைத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டாள். அதன் பிறகு சிவப்புப் பேனா சொல்வதெழுதுதலோடு நிற்கவில்லை. கட்டுரை, கடிதம், அப்பாவுக்கு அனுப்பும் மெசேஜ் என்று அவள் எதை எழுதினாலும் பிழை பார்த்தேன். ஒரு வருடத்துக்கும் மேலாக இப்படியே போனது. பிழைகள் குறைந்தன, ஆனால் தீரவில்லை. பள்ளிக்கூடத்தில் வருடம் முடிந்தால் பாடமும் முடிந்துவிடும். வீட்டில், போதும் என்று சொல்வதற்கு ஆள் கிடையாது.

போன மாதம் தல்லாகுளத்தில் டாக்டரைப் பார்த்துவிட்டு டவுன் பஸ்ஸில் திரும்பினோம். அன்று சாயங்காலம் அவள் பஸ்ஸில் நடந்ததை அப்பாவுக்கு நடித்துக் காட்டினாள்.

“அப்பா, ஒருத்தரு காதுகுத்து பிளக்ஸத் தூக்கிட்டு ஏறிட்டாரு. பஸ்ஸு அகலம் இருக்கு. பூராம் தாய்மாமன் போட்டோ. கண்டக்டரு பாத்துட்டு, ‘மாப்ள, இதுல இருக்குற அம்புட்டுப் பேருக்கும் டிக்கெட் எடு’ங்குறாரு. அதுக்கு அவரு, ‘அண்ணே, பாதிப் பேரு வரமாட்டாய்ங்கண்ணே. போட்டோவச் சின்னதாப் போட்டோம்னு கோவிச்சுக்கிட்டாய்ங்க’ங்குறாரு. கண்டக்டரு விடல. ‘அப்ப வர்றவய்ங்களுக்கு மட்டும் எடு’ன்னுட்டாரு!”

கண்டக்டர் விசிலைக் கடித்துக்கொண்டு பேசுவதுபோலவே பேசினாள். கணவருக்குச் சிரிப்பில் சோறு புரையேறியது. எனக்கும் பெருமையாக இருந்தது. மறுநாள் காலையில், நேற்றுச் சொன்னதை அப்படியே கட்டுரையாக எழுது என்றேன். கொஞ்ச நேரத்தில் நீட்டினாள்.

‘நாங்கள் பேருந்தில் வந்தோம். பேருந்தில் கூட்டம். ஒருவர் பெரிய படம் வைத்திருந்தார். பிறகு வீட்டுக்கு வந்தோம்.’

ஒரு பிழைகூட இல்லை. மூடியைத் திறந்த பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“கண்டக்டரு எங்கத்தா?”

“அவரு வேணாம்.”

“ஏன் வேணாம்?”

“அவர நடத்துநர்னு போடணும். எந்த ‘ந’ போட்டாலும் நீ வட்டம் போடுவ. கோவிச்சுக்கிட்டாய்ங்கன்னு எழுதுனா, அது பேச்சுத் தமிழ்ம்ப. அதான் தெரிஞ்ச வார்த்தைய மட்டும் வச்சு முடிச்சுட்டேன்.” பிறகு, என் முகத்தைப் பார்த்துவிட்டு, “இம்புட்டுப் போதும்ல? தப்பு இல்லைல?” என்றாள்.

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கணக்கில் ஒரு சுருக்கு வழியைச் சொல்வதுபோலச் சொன்னாள். அதுதான் என்னை உலுக்கிப் போட்டது. பரீட்சைக்கு இன்னும் சில மாதங்கள்தான் இருந்தன. அங்கே ஒரு பக்கம் கட்டுரை எழுத வேண்டும். அதைவிட, வாய் ஓயாமல் பேசுகிற பிள்ளை காகிதத்தைக் கண்டால் நாலு வரியோடு ஒளிந்துகொள்கிறாள். இப்படியே விட்டால் அந்த நாலு வரியும் நின்றுபோகும்.

நிறுத்திவிடலாம் என்று அப்போதே தோன்றியது. ஆனால் வாயில் வரவில்லை. மத்தியானம் முழுக்கப் படுத்தபடி யோசித்தேன். பிழையோடு எழுதினால் மார்க் போகும். நாத்தனார் மறுபடி வாசித்துக் காட்டுவார். இவை இரண்டும் நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணங்கள். மூன்றாவதாக ஒன்று இருந்தது, அதை யாரிடமும் சொல்ல முடியாது. அந்த ஒரு வகுப்பில்தான் நான் டீச்சர். அது போய்விட்டால் இந்த வீட்டில் நான் சமைக்கிறவள், மருந்து எடுத்துக் கொடுக்கிறவள், அவ்வளவுதான்.

அவர் ஷிப்டு முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தபோது நாலு வரிக் கட்டுரையைக் காட்டினேன்.

“என்ன, பஸ்ஸுல நடந்த ஒண்ணையும் காணோம்?” என்றார்.

“வட்டம் போடுவேன்னு பயந்து எழுதல.”

“அப்பப் போடாத.”

“இன்னும் பிழை இருக்கேங்க.”

“எனக்குந்தான் இருக்கு. நான் எழுதுற லீவு லெட்டருக்கு லீவு குடுக்கல? எம்புட்டு நாளைக்கு வட்டம் போடுவ? அவளக் கட்டிக் குடுத்தப்பறம் மாப்பிள்ள வீட்டுக்கும் செவப்புப் பேனாவத் தூக்கிட்டுப் போவியா?”

“உங்க அக்கா கேட்டா?”

“அக்காகிட்ட நான் பேசிக்கிறேன்” என்றார். அவர் அக்காவிடம் ஒருநாளும் எதிர்த்துப் பேசியதில்லை. அது எங்கள் இருவருக்கும் தெரியும். அவர் மோரை ஊற்றிக்கொண்டார்.

மகள் உள்ளே இன்ஹேலரைக் கழுவிக்கொண்டிருந்தாள். போய்ச் சொன்னேன்.

“நாளையிலருந்து சொல்வதெழுதுதல் வேணாம்த்தா.”

“பரீட்சை வருதுல்ல?”

“வரட்டும். வட்டமும் இல்ல, பத்து தடவ எழுதுறதும் இல்ல. ஏதாவது வார்த்தை தெரியலைன்னா நீயா வந்து கேளு.”

கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். “நெசமாவா, இல்ல எம்மேல கோவமா?”

“கோவமில்ல. அசதியா இருக்கு.”

இன்ஹேலரைத் துணிமேல் கவிழ்த்துவைத்தாள். பிறகு, “அப்ப காலைல நீ என்னம்மா செய்வ?” என்று கேட்டாள்.

“பாப்போம்” என்றேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அவர் வேலைக்குப் போனார். மகள் எட்டு மணிக்கு எழுந்து, சாப்பிட்டு, கணக்கு வீடியோ பார்த்தாள். நான் அரிசி ஊறப்போட்டுவிட்டுத் துணி துவைத்தேன். அன்று அவள் தமிழில் ஒன்றும் எழுதவில்லை. நானும் எழுதச் சொல்லவில்லை.