எண்பத்தெட்டுத் துளைகள்

என் அக்காவுக்கு அருங்காட்சியகத்தில் மீன் எண்ணும் வேலை என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தப்பு. மீனில் உள்ள துளைகளை எண்ணும் வேலை. வாசல் காவலாளி முதல் மேலதிகாரி வரை அங்கே அவள் எல்லோருக்கும் துளையம்மாதான்.

அவள் எண்ணுவது ஹேக்மீனை. நான் சளிமீன் என்பேன். ஆழ்கடலில் கிடக்கும். தாடை இல்லை, செதில் இல்லை, கண் பேருக்கு இருக்கிறது. தொட்டால் போதும், பக்கவாட்டுத் துளைகளிலிருந்து சளியைக் கக்கி ஒரு வாளித் தண்ணீரையே கூழாக்கிவிடும். பிறகு தன் சளி தனக்கே பொறுக்காமல், உடம்பை முடிச்சுப் போட்டு வழித்துவிட்டுக்கொள்ளும். இதில் பல வகை உண்டு. பார்வைக்கு எல்லாம் ஒரே பழுப்புக் குழாய். அதனால் பல் எத்தனை, செவுள் துளை எத்தனை, சளித்துளை எத்தனை என்று எண்ணித்தான் பிரிக்க வேண்டும். அக்கா இருபத்திரண்டு வருடமாக எண்ணுகிறாள். என் பொத்தான் டப்பாவைக் கையில் கொடுத்தால்கூட எண்ணிவிட்டுத்தான் திருப்பித் தருவாள்.

பதினேழாம் ஜாடி மீனுக்கு எண்பத்தெட்டுச் சளித்துளைகள் இருந்தன. அந்த வகைக்கு எண்பதுதான், மிஞ்சினால் ஒன்றிரண்டு கூடும். ஆறு முறை எண்ணினாள். ஆறு முறையும் எண்பத்தெட்டு. புது வகை என்று முடிவு கட்டி, அதற்கு என் பெயரை வைக்கப்போவதாகச் சொன்னாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சளி கக்குறதுக்கு என் பேரா? உன் மாமியார் பேர வையேன்."

"அப்புறம் நான் வீட்டுக்குள்ள கால் வெக்க முடியுமாடி?"

ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. பிறகுதான் யோசித்தேன். என் தையல்கடைப் பலகையில்கூட எனக்கு முன்னால் இருந்தவரின் பெயர்தான் இருக்கிறது. மீன் என்றாலும் உலகம் உள்ளவரை புத்தகத்தில் நிற்குமே! ஆசை வந்துவிட்டது. அளவு கொடுக்க வந்தவர்களை நாடாவால் சுற்றிப் பிடித்துக்கொண்டு மீன் கதை சொன்னேன். "மீனுக்குத்தான் உன் பேரு. அதுக்குள்ள நீ ஏன் துள்ளுற?" என்றார் என் வீட்டுக்காரர்.

ஆழ்கடல் மீன்களில் பெரிய நிபுணர் ஒருவர் வந்து பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அவர் வரும் நாளில் நானும் புதுத் துணி உடுத்திக்கொண்டு போனேன். அவர் இன்னும் வரவில்லை. அக்கா மீனைத் தட்டில் கிடத்தி, லென்ஸை என் பக்கம் திருப்பினாள். "உன் ஆளப் பாரு."

பார்த்தேன். வரிசையாகத் துளைகள், ஒவ்வொன்றைச் சுற்றியும் வெளிறிய வரம்பு. பத்துத் துளைக்கு ஒரு தடவை மட்டும் வரம்பே இல்லாத ஒரு துளை. தோல் பையில் ஊசியைத் தப்பாக இறக்கினால் விழுமே, அதே துளை.

வாயை மூடிக்கொண்டிருந்தால் மீன் என் பெயரில் இருக்கும். முழுதாக ஒரு நிமிடம் மூடிக்கொண்டிருந்தேன். எனக்கு அது பெரிய சாதனை.

"அக்கா, இதுல குண்டூசி குத்துனியா?"

"பத்துக்கு ஒண்ணு அடையாளத்துக்குக் குத்துவோம். இத மொதல்ல எடுத்த அன்னிக்குக் குத்தினேன். எண்ணி முடிச்சு எழுதப் போறப்ப நீதான் போன் பண்ண, மெஷின் ஊசி விரல்ல ஏறிடுச்சுன்னு. ஊசியெல்லாம் பிடுங்கிப் போட்டுட்டு ஓடியாந்தேன், எண்ணினதும் மறந்துபோச்சு. அப்புறம் ஆறு தடவை எண்ணினப்பவும் ஊசியே குத்தல, ஆனா பழைய ஓட்டை..." விரல்களை மடக்கிப் பார்த்தாள். "எட்டு ஊசி" என்றாள் மெதுவாக.

"அந்தப் பக்கம் எண்ணலியா?"

"எப்பவும் இடது பக்கம்தான் எண்ணுவோம். வலது பக்கம் சோதனைக்குச் சதை வெட்டி எடுக்க. அதான் முறை."

மீனைப் புரட்டினாள். எண்ணினாள். எண்பது. எனக்கு அழுகை வந்தது, அவளுக்காகப் பாதி, எனக்காகப் பாதி.

அந்த நேரம் பார்த்து நிபுணர் உள்ளே வந்தார். அக்கா ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இருபத்திரெண்டு வருஷ அனுபவம், குண்டூசிக்குப் புது வகைன்னு பேரா!"

எனக்கு வந்த கோபத்தில், "நீங்க எதால அடையாளம் வெப்பீங்க?" என்று கேட்டேன்.

"குண்டூசியாலதான்."

"எந்தப் பக்கம் எண்ணுவீங்க?"

"இடது..." சிரிப்பு பாதியில் அறுந்தது. அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே ஒன்பது துளை அதிகம் உள்ள ஒரு மீன்தானாம். நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். அக்கா தண்ணீர் கொடுத்தாள்.

"அந்த மீனுக்கு யார் பேரு வெச்சீங்க?" என்று கேட்டேன்.

"மாமியார் பேரு" என்றார். அவர் முகத்தைப் பார்த்ததும் என் அழுகை நின்றுவிட்டது.

மீன் பழைய பெயரோடு ஜாடிக்குள் போனது. அக்கா தன் துறைப் பத்திரிகையில் அரைப் பக்கக் குறிப்பு எழுதினாள்: குண்டூசி குத்தாதீர்கள், இரண்டு பக்கமும் எண்ணுங்கள். கடைசி வரியில், இதைக் கண்டுபிடித்தது தையல்காரியான தன் தங்கை என்று என் பெயரை முழுசாகப் போட்டிருந்தாள். அதை வெட்டிச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டியிருக்கிறேன். கொண்டுவந்து கொடுத்த அன்று, அச்சில் ஒரு தப்பும் வந்திருக்காது என்று சத்தியம் செய்தாள். அனுப்புவதற்கு முன் என் பெயரின் எழுத்துகளை இடமிருந்து ஒரு தடவை, வலமிருந்து ஒரு தடவை எண்ணிப் பார்த்தாளாம்.