செம்மநத்தத்துக்கு நான் தேவைப்படாத நாள்

1. பாம்பு பயம்

ஏற்காட்டில் எங்கள் மிஷன் ஆஸ்பத்திரியின் கமிட்டி அறையில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, "பாம்புன்னா உங்களுக்குப் பயம் உண்டாம்மா?" என்பது.

"உண்டுங்க."

"ஆப்பிரிக்காவுல பாம்பு ஜாஸ்தி."

"எங்க குவார்ட்டர்ஸ் பாத்ரூம்லயும் ஜாஸ்திதாங்க. மூணு தடவை சொல்லியாச்சு, யாரும் வந்து பாக்கலை."

கட்டடப் பராமரிப்புக்குப் பொறுப்பான உறுப்பினர் ஜன்னல் வழியே சில்வர் ஓக் மரங்களை ரசிக்க ஆரம்பித்தார்.

எண்பதுகளின் நடுப்பகுதி. எனக்கு முப்பது வயது. ஸ்டாஃப் நர்ஸ். ஆஸ்பத்திரி வேலை போக, மலை ஊர்களுக்கு ஜீப்பில் போய் வைத்தியம் பார்க்கும் ஜீப் கிளினிக்கும் என் தலையில். தலைச்சோலை, கொட்டச்சேடு, செம்மநத்தம் என்று வாரத்துக்கு ஓர் ஊர். அந்தக் கோடையில் ஜாம்பியாவிலிருந்து ஓய்வுக்கு வந்திருந்த மிஷன் டாக்டர் ஒருவர் எங்கள் சபையில் பேசினார். அவருடைய ஆஸ்பத்திரியில் பல வருடங்களாக நர்ஸ் இல்லை, தரை துடைக்கும் அம்மாவே ஊசியும் போடுகிறார், யாராவது வருவீர்களா என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன். அது பரிசுத்த ஆவியானவரின் ஏவுதலா, முன்வரிசையில் உட்கார்ந்ததன் கோளாறா என்று என்னால் இன்றுவரை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தூக்கிய கையை மட்டும் இறக்கவில்லை.

கமிட்டி செயலர் ஞானமுத்து ஐயா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவர் சம்மதிக்காமல் ஆஸ்பத்திரியில் ஒரு பெட்ஷீட் கூட வெளுக்கப் போகாது.

"எதுக்கும்மா அவ்வளவு தூரம்? செம்மநத்தம் என்ன லண்டனா? இங்க சனங்க இல்லையா, சீக்கு இல்லையா?" என்று கேட்டுவிட்டு ஒரு வசனம் சொன்னார். நானும் ஒரு வசனம் சொன்னேன். அவர் இன்னொன்று, நான் இன்னொன்று. ஆட்டம் சமனில் முடிந்தது.

"ஐயா, ஏற்காட்டுல நர்ஸ் வேணும்னு விளம்பரம் குடுத்தா, குளுகுளுன்னு இருக்கும்னே பத்துப் பேர் வருவாங்க. அங்க கூப்பிட்டா யாருங்க வருவா?"

"ஏற்காட்டுக்கு வருவாங்க. செம்மநத்தத்துக்கு வருவாங்களா?"

அவர் சொன்னது உண்மைதான். புதிதாக வரும் பிள்ளைகள் ஏரியைப் பார்க்க வருவார்கள். செம்மநத்தம் ரோட்டில் ஒரு தடவை ஜீப்பில் போனால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ராஜினாமா எழுதுவார்கள்.

ஞானமுத்து ஐயா பேனாவை மூடினார். "நீ இல்லாம செம்மநத்தம் தாங்கும்னு எனக்குக் காட்டு. ஒரு வருஷம் டைம். காட்டிட்டா நானே கையெழுத்துப் போட்டு அனுப்பறேன். இல்லைன்னா ஆப்பிரிக்கா பேச்சை எடுக்கக்கூடாது."

2. அப்பா சொன்ன நியாயம்

அப்பா சேலத்தில் ஒரு லாரி ஆபீஸில் குமாஸ்தா. நான் 'ஃபாரின்' போகப்போகிறேன் என்ற அளவில் செய்தி எட்டியதும் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். நர்ஸ்கள் எல்லாம் வளைகுடாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த காலம் அது. அவர் மனதில் நான் சவுதியில் இறங்கி, சேலத்தில் மாடி கட்டிக்கொண்டிருந்தேன். ஜாம்பியா என்றும், அங்கே தரும் படி இங்கே வாங்கும் சம்பளத்தைவிடக் குறைவு என்றும் சொன்னபோது கணக்குப் போட்டுப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, கடலைத் தாண்டிப் போயி நட்டப்படறதுக்கு, இங்க ஊட்டுலயே இருந்து நட்டப்படலாமில்ல?"

உள்நாட்டு ஊழியத்துக்கு ஆதரவாக நான் படித்த தடிமனான புத்தகங்கள் எதிலும் இவ்வளவு கச்சிதமான வாதம் கிடையாது.

3. குப்பாயி

நான் இல்லாமல் ஓர் ஊர் தாங்க வேண்டுமென்றால், அந்த ஊரில் யாருக்காவது என் வேலையில் பாதியாவது தெரிந்திருக்க வேண்டும். செம்மநத்தத்தில் பெண்களுக்கு வகுப்பு என்று அறிவித்தேன். ஒருத்திதான் வந்தாள்.

குப்பாயி. எஸ்டேட்டில் காபிப் பழம் பறிப்பவள். கொஞ்சம் சொந்தக் காட்டில் சாமை போடுவாள். அவள் பேசுவது அடுத்த மேட்டுக்குக் கேட்கும். ஊரில் சண்டை வந்தால் அவள்தான் தீர்த்து வைப்பாள். வராவிட்டால் அவளே ஆரம்பித்து வைப்பாள்.

"சம்பளம் உண்டுங்களா?"

"இல்லை."

"அப்ப நீங்க சொல்றதை நான் கேட்டே ஆவணும்னு இல்லைங்களே?"

"இல்லை."

"சரி, சொல்லுங்க."

வாந்திபேதி பாடத்துக்கு வண்ணப்படங்களோடு போயிருந்தேன். அவள் படங்களைத் திருப்பி வைத்தாள். "படத்தைக் குடிக்கவாங்க முடியும்? தண்ணியைக் கலக்கிக் குடுங்க, நாக்குல வெச்சுப் பாக்கறேன்."

கொதித்து ஆறிய தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் வைத்துத் துப்பினாள். "கருவாடு கழுவுன தண்ணியாட்டம் இருக்குதுங்க."

குடித்துப் பார்த்தேன். பேச்சு மும்முரத்தில் உப்பை இரண்டு தடவை போட்டிருக்கிறேன். கண்ணீரைவிடக் கரிக்கக்கூடாது என்று பாடம் நடத்தியவளும் நான்தான். குப்பாயி தானே கலக்கினாள். சரியாக இருந்தது.

அன்றிலிருந்து ஜீப் போகும் நாளெல்லாம் வகுப்பு. எதைச் சொன்னாலும் அதை வசவாக மாற்றி மனப்பாடம் செய்துகொள்வாள். நான் "நீரிழப்பின் அபாய அறிகுறிகள்" என்பேன். அவள், "கண்ணு குழி உழுந்துச்சா? ஒண்ணுக்குப் போவலையா? இன்னும் என்னத்தைப் பாத்துக்கிட்டு நிக்கறே? கட்டிலோட தூக்கு, ரோட்டுக்கு ஓடு!" என்பாள். மருத்துவரீதியாக அதில் ஒரு குறையும் இல்லை.

ஒருநாள் கேட்டாள். "இதெல்லாம் எனக்கு எதுக்குங்க சிஸ்டர் சொல்லித் தர்றீங்க?"

மறைக்கவில்லை. "நான் ஆப்பிரிக்கா போகணும். நீ கத்துக்கிட்டாத்தான் என்னை விடுவாங்க."

"எங்களை உட்டுட்டா?"

"ஆமா."

எழுந்து சேலையை உதறிக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "நீங்க கப்பலேறுறதுக்கு நான் பாசாவணுமா? நொம்ப நல்ல கதையா இருக்குதுங்களே!"

அடுத்த தடவை வருவாளோ மாட்டாளோ என்று பயந்துகொண்டே போனேன். ஜீப் நிற்கும் இடத்தில், எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாள்.

4. மரம் விழுந்த ரோடு

ஐப்பசி மழையில் ஒரு காலை, எஸ்டேட் லாரி டிரைவர் செய்தி கொண்டுவந்தார். செம்மநத்தத்தில் பாதி ஊருக்கு வாந்திபேதி. ட்ரிப்ஸ் பாட்டில் பெட்டிகளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டிருக்கும்போது ஞானமுத்து ஐயா குடையோடு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"நீ இல்லாட்டி என்ன ஆகும்னு நானே கண்ணால பாக்கறேன்."

அவர் அதை நல்ல எண்ணத்தோடு சொல்லவில்லை.

லாரி வந்து போன பிறகு, பாதி வழியில் ரோட்டின் குறுக்கே பெரிய மரம் விழுந்து கிடந்தது. ஜீப் அதற்கு மேல் போகாது. டிரைவர் அந்தோணி ஒரு பெட்டி, நான் ஒரு பெட்டி, ஞானமுத்து ஐயா தலையில் ஒரு பெட்டி. குடையைச் சட்டைக் காலரில் மாட்டிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, அட்டைக் கடி ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்தோத்திரம் சொல்லியபடி அவர் நடந்தார். நானும் வழியெல்லாம் ஜெபித்தேன். ஒரு குழந்தைக்கும் ஒன்றும் ஆகக்கூடாது என்பதைத் தவிர வேறெதுவும் அப்போது கேட்கத் தோன்றவில்லை. ஆப்பிரிக்கா மறந்தே போனது.

ஊருக்குள் நுழையும் முன்பே குரல் கேட்டது.

"தூங்காதடா! ஒரு வாய் குடி! வாந்தி வந்தா வரட்டும், மறுக்காக் குடி!"

பள்ளிக்கூட வராந்தாவில் வரிசையாகப் பாய். ஒவ்வொரு பாயிலும் ஒரு பிள்ளை, பக்கத்தில் டம்ளரும் ஸ்பூனுமாக ஒரு தாய். நடுவில் அடுப்பு, அடுப்பில் அண்டா, அண்டாவுக்குப் பக்கத்தில் குப்பாயி. என்னைப் பார்த்தாள்.

"வாங்க சிஸ்டர். உங்க ஊர்ல இப்பத்தான் பொழுது விடிஞ்சுதுங்களா?"

ஊருக்கே தலைவரான ஊர்க்கவுண்டர் ஒரு மூலையில் டம்ளரோடு உட்கார்ந்திருந்தார். "எனக்கு ஒண்ணுமில்லைன்னு சொல்றேனுங்க. கேக்க மாட்டேங்கறா" என்று என்னிடம் முறையிட்டார்.

"பேசாம குடிங்க மாமா. நாளைக்கு உங்களைத் தூக்க இங்க ஆளில்லை."

சந்தேகப்பட்ட ஊற்றில் முள் வெட்டிப் போட்டு, யாரும் மொள்ளக்கூடாது என்று தடை போட்டிருந்தாள். கண் குழிவிழுந்த இரண்டு பேரைத் தனியாகக் கட்டிலில் போட்டு, தூக்க ஆட்களையும் நிறுத்தியிருந்தாள். "இவங்க ரெண்டு பேரு மட்டும் உங்குளுதுங்க. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

இரண்டு பேருக்கும் ட்ரிப்ஸ் ஏற்றினேன். மதியத்துக்கு மேல் இருவரும் ஒண்ணுக்குப் போனார்கள். நர்ஸ் வேலையில் அதைவிட இனிப்பான செய்தி கிடையாது. ஓர் உயிரும் போகவில்லை. சுமந்து வந்த பெட்டிகளில் இரண்டைப் பிரிக்கவே இல்லை. அவற்றில் ஒன்று ஞானமுத்து ஐயாவின் தலையில் வந்தது.

அவர் கையிலும் குப்பாயி ஒரு டம்ளரைத் திணித்திருந்தாள். குடித்துப் பார்த்துவிட்டு, தலைமையாசிரியர் குரலில் கேட்டார். "யாரும்மா உனக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?"

"இந்தம்மா ஆப்பிரிக்கா போவணுமாங்க. அதுக்கு நான் பாசாவணும்னாங்க. படிச்சேன்." இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "பாசுங்களா?" என்றாள்.

ஞானமுத்து ஐயா காலியான டம்ளரைக் கீழே வைத்தார்.

"பாஸ்."

5. நற்சான்று

அடுத்த கமிட்டியில் அவரே எழுந்து பேசினார். "செம்மநத்தத்துக்கு இந்தம்மா தேவையில்லை. கண்ணால பாத்தேன். தாராளமா அனுப்பலாம்." என் பணிக்காலத்தில் நான் வாங்கிய மிக உயர்ந்த நற்சான்று அதுதான்.

ஓர் உறுப்பினருக்கு மட்டும் மனம் ஆறவில்லை. "இத்தனை வருஷத்துல அந்த ஊர்ல எத்தனை பேர் நம்ம சபையில சேர்ந்தாங்க?"

"யாரும் இல்லைங்க" என்றேன். உண்மைதான். குப்பாயி அடுத்த மே மாதமும் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குத்தான் போனாள்.

"எத்தனை பேர் உசுரோட இருக்காங்கன்னு கேளுங்க ஐயா" என்றார் ஞானமுத்து. தீர்மானம் நிறைவேறியது.

உள்ளூரா, வெளிநாடா என்று இப்போது என்னைக் கேட்கும் இளைஞர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஓர் ஊரை விட்டுக் கிளம்ப ஆசைப்பட்டால், முதலில் அந்த ஊருக்கு நீ தேவைப்படாமல் செய். அதற்கு முன் கிளம்பினால் அது ஓட்டம். அதற்குப் பின் கிளம்பினால்தான் ஊழியம். கௌரவத்துக்குக் கொஞ்சம் அடிபடும். உப்புச் சர்க்கரைத் தண்ணீர் குடித்தால் சரியாகிவிடும்.

விடைபெறப் போனபோது குப்பாயி கேட்டாள். "நீங்க போற ஊரு மலைங்களா, கீழ்நாடுங்களா?"

"மலைதான்."

"மலைச் சனமா? அப்ப வெரசாக் கத்துக்குவாங்க. நீங்களும் வெரசா வந்துருவீங்க, போங்க."

முதல் பாதியை அவள் சரியாகச் சொன்னாள். அவர்கள் வெரசாகவே கற்றுக்கொண்டார்கள். நான்தான், அதற்கு அடுத்த மலை, அதற்கும் அடுத்த மலை என்று போய்க்கொண்டே இருந்துவிட்டேன்.